அந்தப் புள்ள எந்த ஊட்டுல சாப்பிட்டுச்சு?

கண்ணுகளா, நம்ம ஊட்டுக்கு எந்தப் புள்ள வந்தாலும் "நேத்து எங்க சாப்பிட்ட?" என்று அப்பா கேட்பது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. "ஏம்ப்பா போலீஸ்காரனாட்டம் கேக்கறே?" என்று பெரியவள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

நீங்கள் தவழ்கிற வயசில், மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக் காலேஜிலிருந்து ஒரு மேடம் வந்தார். அப்பன் ஆத்தா வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், என்ன தின்கிறார்கள், யார் பக்கத்தில் தூங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி. வழி காட்ட நான் கூடப் போனேன். நாலஞ்சு நாளாக விடாத மழை, பள்ளிக்கூடம் லீவு. எதிரே வருகிற ஆளைக்கூடப் பனிமூட்டம் மறைத்தது.

நம்ம ஊரில் அப்படி இருந்தது மேட்டு ஊட்டுப் புள்ள ஒன்றுதான். அப்பனும் ஆத்தாளும் கைக்குழந்தையோடு காப்பித் தோட்டத்துக்குப் போனபோது, படிப்புக் கெடக்கூடாதென்று அவளை விட்டுவிட்டுப் போனார்கள். ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம். இங்கே எந்தப் புள்ளையும் எந்த ஊட்டிலும் தட்டெடுத்து உட்காரலாம். எங்கே சாப்பிட்டாய் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டோம். கேட்டால், போட்ட சோற்றுக்குக் கணக்குப் பார்த்தது போலாகிவிடும்.

முதல் ஊட்டில், "அந்தப் பாப்பாவை யார் பாத்துக்கறீங்க?" என்றார் மேடம்.

"நாங்கதானுங்க," என்றது அந்த அக்கா.

"நேத்து ராத்திரி எங்க சாப்பிட்டா?"

"ஏனுங்க மேடம், சோத்தை எடை போட வந்தீங்களா?" அக்கா சிரித்துக்கொண்டே பக்கத்து ஊட்டைக் காட்டியது. "அக்கட்டால ஊட்டுல தின்னிருக்கும்."

அக்கட்டால ஊட்டில், "கீழ ஊட்டுல கோழி அடிச்சாங்கல்ல, அங்கதான் கெடக்கும்" என்றார்கள்.

"கோழியா? நம்மூட்டுலயா? எனக்கே சொல்லாம அடிச்சுட்டாளா?" என்று கீழ ஊட்டுக்காரர் பெண்டாட்டியை வம்புக்கு இழுத்தார். நானும் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

"நீங்க அவளைக் கண்ணால பாத்தது எப்ப?"

அவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மழை புடிக்கறதுக்கு முன்னாலங்க."

கடைசி ஊடு நம்ம ஊடு. உங்க அம்மா களி கிண்டிக்கொண்டே, "மொத ஊட்டு அக்காகிட்டத்தானே இருக்குது?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கிண்டுகிற கை நின்றுவிட்டது.

மேட்டுக்கு ஓடினோம். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கூப்பிட்டோம். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார், "உடைங்க, உடைங்க" என்றார். தோளால் முட்டினேன். மூன்றாம் முட்டுக்குக் கதவு கீலோடு சாய்ந்தது.

புள்ள மூலையில் சாக்கைப் போர்த்திக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தொட்டால் நெருப்பு. பக்கத்தில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கைப் பச்சையாகக் கடித்துத் துப்பிய துண்டுகள்.

"ஏஞ்சாமி, நம்ம ஊட்டுக்கு வரலாமில்ல?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கூப்புடாம போவக்கூடாதுன்னு அம்மா சொல்லுச்சுங்க மாமா."

நாங்கள் யாருமே கூப்பிட்டிருக்கவில்லை. புள்ளைகளை யார் கூப்பிடுகிறார்கள், தானாக வரும் என்றுதானே இருந்தோம்.

உங்க அம்மா அவளை மடியில் போட்டுக்கொள்ள, மேடத்தோடு, அவர் வந்த ஜீப் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. முதல் வளைவிலேயே பனி அதை விழுங்கிவிட்டது. மலை இறங்கவேண்டிய வளைவுகளையெல்லாம் நினைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.

மறுநாள் மேடம் போன் செய்தார். "பாப்பா பொழைச்சுக்கிட்டா. இன்னும் ஒரு நாள் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டர் என்கிட்டயே கேக்கறார்." பிறகு சொன்னார்: "இதே மாதிரி புள்ளைங்க இருக்கற பைல் நாட்டு ஊருங்க பக்கம் நான் இன்னும் போகவே இல்லீங்க. மழை நிக்கவும் மாட்டேங்குது."

அந்தச் சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் மேட்டு ஊட்டுக்குப் போனேன். அடுப்பில் ஒரு சட்டி இருந்தது. ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை; வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதுவும் வற்றி, அடி கருகியிருந்தது. ஓடைக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இருட்டுகிற வரைக்கும் தேய்த்தும் கருப்பு முழுசாகப் போகவில்லை. கழுவிக் கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.