கூழாங்கல் முடியும் ஆழம்

1. முதல் நாள்

ஸ்டெல்லா மேடம் வேலையில் சேர்ந்த முதல் நாளே துளை போடும் ரிக்கை நிறுத்தச் சொன்னார். கோலியனூர் பக்கம் குடிநீருக்குப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தோம். நான் டிரில்லர். திண்டிவனத்துப் பெண்ணான அவர் புதிய ஜியாலஜிஸ்ட். மேலே வந்த சேற்றைக் கையில் அள்ளிக் கழுவினார். உருண்டைக் கூழாங்கற்கள் தெரிந்தன.

“அந்தோணி அண்ணே, இது மேற்கே மலையிலேருந்து ஆறு உருட்டிக்கினு வந்தது. மலை ஒசர ஒசர ஆத்துக்கு வேகம் வரும், பெரிய கல்லு வரும். அதுக்கு முந்தி வெறும் களிமண்ணுதான் படிஞ்சிருக்கும். கூழாங்கல்லு எந்த ஆழத்துல முடியுதோ, அங்கதான் மலை வளர ஆரம்பிச்ச காலம் இருக்குது.”

எத்தனையோ வருஷம் துளை போட்டவன் நான். மலையின் ஆரம்பம் பள்ளத்தின் அடியில் கிடக்கும் என்று அன்றுவரை நினைத்ததில்லை. அதன்பிறகு துளைக்குள் ஒவ்வொரு இரும்பு ராடு இறங்கும்போதும் நானும் சேற்றை எட்டிப் பார்த்தேன். கீழே போகப் போகக் கற்கள் சிறுத்துக்கொண்டே வந்தன.

2. ராடு ஏற்றிய நாள்

நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

“தண்ணி வந்துடுச்சுல்ல? ஜல்தியா ராடை மேல ஏத்திக்கினு கெளம்புங்க. அடுத்த ஊர்ல ஜனங்க காத்துக்கினு இருக்காங்க.”

“சார், இன்னும் ரெண்டு நாள் மட்டும் குடுங்க. கல்லு முடியப்போகுது.”

அவர் யோசித்தார். “நீங்களே சொல்லுங்க மேடம். அப்படியே செய்றேன்.”

அதற்குள் அடுத்த ஊர்ப் பெண்கள் சிலர் காலிக் குடங்களோடு ரிக்கைத் தேடி வந்துவிட்டார்கள். ஒருத்தி மேடத்திடம் கேட்டாள்: “எங்க ஊருக்கு எப்ப வருவீங்கம்மா? கொழந்தைங்களுக்குக் கூட வெலைக்குத்தான் தண்ணி வாங்கிக் குடுக்கிறோம், அதுவும் உப்புக் கரிக்குது.”

மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ராடை ஏத்துங்கண்ணே.” பிறகு ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

3. பல வருஷம் கழித்து

நான் ஓய்வுபெற்ற பிறகு, விழுப்புரம் ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கூழாங்கல் முடியும் அந்த ஆழத்தை அப்புறம் எங்காவது எட்டினீர்களா என்று கேட்டேன்.

“எங்கண்ணே? தண்ணிக்குத்தான் ரிக்கு தருவாங்க. மலை எப்ப பொறந்துச்சுன்னு தெரிஞ்சுக்க யாரு தருவாங்க?” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அன்று அவர் எடுத்தது சரியான முடிவு. என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரியாகச் செய்துவிட்டால் மனம் ஆறிவிடும் என்று நம்பியிருந்தேன். சில வேலைகளில் அது ஆறுவதில்லை.