கீழ்வீட்டுச் சூப்

தையற்காரிக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கோளாறு இல்லை, முழுக்க முழுக்கப் பொறாமை. அதை அவளே ஒப்புக்கொள்வாள், கதவைச் சாத்திக்கொண்டு, தையல் மெஷினிடம் மட்டும்.

பின்னே என்ன? அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள், டிப்போவில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார வைத்தால் மனுஷன் இடிந்துபோவார். கீரை, காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்த கீரையைத் தட்டோரம் ஒதுக்கியே பழகியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது வேலை விட்டு வந்ததும் மாடிப்படி ஏறாமல் கீழே தம்பி வீட்டுக்குள் நுழைகிறார். தம்பி பெண்டாட்டி அரைத்துக் கொடுக்கும் பச்சைச் சூப்பை உறிஞ்சுகிறார். அந்தச் சத்தம் மேலே வரைக்கும் கேட்கிறது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா!" என்பதும் கேட்கிறது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கீரையும் அதே கடைக் கீரைதான். அந்த மகராசி கையில் மட்டும் தேனா ஒழுகுகிறது?

கீழ்வீட்டு ஓரகத்தியின் புதுச் சட்டை ஒன்று தைப்பதற்கு வந்து கிடந்தது. ஆத்திரத்தில் கைப்பகுதியை அரை அங்குலம் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஓரகத்தி சட்டையும் கையுமாக மேலே வந்தாள். தையற்காரி சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கை உள்ளயே போகல. நான்தான் குண்டாயிட்டேன் போல. உங்க அளவு தப்புமா என்ன? இனிமே நானும் அத்தானோட சேர்ந்து சூப் குடிக்கப் போறேன். பெரிய பாத்திரத்துலயே வெச்சிடுறேன்."

அன்றிலிருந்து அவருக்கும் ஒரு கிண்ணம் இரண்டு கிண்ணமானது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் தையற்காரி.

சரி, நாமே வைத்துவிடுவோம் என்று இறங்கினாள். சுரைக்காய், பட்டாணி, பூண்டு, ஒரு கட்டுக் கீரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடி, குழைய வேகவைத்து அரைத்தாள். வந்தது பச்சை இல்லை, அசல் காக்கி. அவருடைய யூனிஃபார்மை அலசிப் பிழிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அடுத்த தடவை கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி ஓட்டினாள். மூடி பறந்தது. கூரை, சுவர், தைத்து மாட்டியிருந்த யாரோ ஒருத்தியின் கல்யாணக் கவுன், ஒன்றும் தப்பவில்லை. கவுனைத் துவைத்துக் காயப்போடுவதற்குள் அவள் ஆயுசில் பாதி போயிற்று.

மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது. காயை முதலில் வேகவைத்தாள். அடுப்பை அணைக்கப் போகும்போது கீரையைப் போட்டு, மூடாமல் ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினாள். நன்றாக ஆறவிட்டு அரைத்து, திரும்பச் சூடாக்கி, மிளகு தூவி, எலுமிச்சை பிழிந்தாள். ஆஹா, என்ன பச்சை! கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. "எனக்கு வேண்டாம்டி."

அவ்வளவுதான், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கீழ ரெண்டு கிண்ணம் இறங்குது. இங்க மட்டும் தொண்டை அடைக்குதோ?"

"அடியே, அதுவும் இதே கண்றாவிதான்!"

"அப்புறம் எதுக்கு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு கத்துறீங்க?"

"தம்பி பொண்டாட்டி ஆசையா கொண்டாந்து நீட்டுது. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிடீ சொல்றது? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முழுங்குறேன். உன்கிட்டதானே வேண்டாம்னு சொல்ல முடியும்?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாள் தட்டோரம் ஒதுங்கிய கீரையெல்லாம் ஒரே நொடியில் மன்னிக்கப்பட்டது.

"பேசாம நீயே போய் அதுகிட்ட இனிமே வேண்டாம்னு சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அவர்.

சொல்லிவிடலாம். அதற்காகத்தானே இவ்வளவு பாடும்! ஆனால் போன வாரம்தான் டிப்போ நர்ஸ் அவருக்கு அழுத்தம் பார்த்துவிட்டு, கொஞ்சம் இறங்கியிருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். இறக்கியது கீழ்வீட்டுக் கிண்ணம். இங்கே வேண்டாம் என்பார், அங்கே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

"அதெல்லாம் முடியாது. ஒழுங்கா கீழயே போய்க் குடிங்க" என்று ஒரே போடாகப் போட்டாள்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே, தான் வைத்த சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கீழே போனாள். "இந்தா, இன்னைக்கு இதைக் குடு. நீ வெச்சதுன்னே சொல்லு. நான்னு தெரிஞ்சா தொடமாட்டார்" என்றாள். கையோடு அந்தச் சட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீ குண்டாகலடி. அளவு எடுத்ததுல நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

மேலே வந்து தையலைப் பிரித்து, அரை அங்குலம் தளர்த்தி, மெஷினில் வைத்தாள். கீழே உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மெஷினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நிஜமாவே நல்லா இருக்கும்மா! உன் கைப்பக்குவம் எங்க வீட்டுக்காரிக்கு வரவே வராது!"

தையற்காரி காத்திருந்தாள். ஒரு வார்த்தை, 'அக்காதான் வெச்சாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. கீழே இருந்தவள் சொன்ன சொல் தவறாமல் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

சொல்லாதே என்றால் சொல்லாமலேயே இருந்துவிடுவதா, பாவி! தளர்த்திய கையைத் திரும்பவும் முக்கால் அங்குலம் பிடித்துவிடலாமா என்று பார்த்தாள். பிறகு நாளைக்கு வேண்டிய கீரை ஞாபகத்துக்கு வரவே, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.