மாஸ்க் கழன்ற பிறகும் வந்த மூச்சு

"இதை மாட்டித் தூங்கினது யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் விலை பேசலாம்."

கடை வாசலில் சித்தப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என்ன வேண்டுமானாலும் கேள், யாருடையது என்று மட்டும் கேட்காதே. உள்ளே போனதும் நான் அதைத்தான் முதலில் கேட்டேன்.

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாராவது பேய்க் கதை ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் என் கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு நீலக்கோடு இருக்கிறது.

அப்பா இரவுக் காவலாளி. ஊர் விழித்த பிறகுதான் அவருக்குத் தூக்கம். தூங்கினால் மூச்சு நின்றுவிடும். குறட்டை போய்க்கொண்டே இருக்கும்... சட்டென்று அறுந்துவிடும். அம்மா ஓடிப்போய்த் தோளை உலுக்குவாள். அவள் கை வேலையாக இருந்தால் நான் ஓடுவேன். சத்தம் வந்தால் அப்பா இருக்கிறார், நின்றால் ஓடு. எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

ரத்தத்தில் கெட்ட காற்று ஏறிவிட்டது, இனி மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் பைபாப் மெஷின் இல்லாமல் இவர் கண்ணை மூடவே கூடாது என்றார் டாக்டர். புதிதாக வாங்க என் சம்பளம் காணாது. எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஒரு மூச்சு வாங்க முடியவில்லை. எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அப்படித்தான் அந்தப் பழைய மெஷின் கடைக்குப் போனோம். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் சித்தப்பா கூட்டிப்போனார். "காத்தை வித்தே கார் வாங்கினவன்," என்று காதில் கிசுகிசுத்தார்.

அலமாரியில் இரண்டே மெஷின்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

என் கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி பூர்வீகம் கேக்கறீங்களேம்மா!"

"எங்கப்பா மூக்குல மாட்டப் போறேன். கேக்காம இருப்பேனா?"

சித்தப்பா என் கையைக் கிள்ளினார். "படிச்ச திமிரு அண்ணே. நீங்க காட்டுங்க."

கறுப்பு மெஷின் குறைவாகத்தான் ஓடியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடி கடைக்காரர் அதன் அழுத்தத்தை மாற்றி வைத்தார். மூச்சை இழுக்கும்போது அழுத்தம் கூடும், விடும்போது குறையும்.

"ஆளு மூச்சு விட மறந்தா, கொஞ்சம் பாத்துட்டு அதுவே ஊதும். மாஸ்க் கழண்டா..." மாஸ்க்கை மேஜையில் வைத்தார். அலாரம் அலறியது. "ஊரையே கூட்டிடும். நாளைக்கு ஒரு நாள் வெச்சுப் பாருங்க."

மறுநாள் அப்பா வேலை முடிந்து வந்து படுத்தார். புது மாஸ்க், புதுக் குழாய். மாட்டிவிட்டோம்.

"யானை மாதிரி இருக்கீங்க," என்றாள் அம்மா.

"இத்தனை நாளும் தும்பிக்கை இல்லாத யானைன்னே. இப்பத் திருப்தியா?"

ஹூ... ஹா... ஹூ... ஹா...

சீரான சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே அம்மா சமையலறைத் தரையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கூடத்தில் பாய் விரித்தேன். நட்டநடுப்பகல். ஜன்னலில் வெயில்.

கண் செருகும்போது ஒன்று உறுத்தியது. அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வரும். இது சின்ன மூச்சு... அவசர மூச்சு. மெஷின் போட்டால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். சத்தம் வருகிறதே. அது போதும்.

சுள்ளென்று வலி.

கால் கட்டைவிரல் நகத்தில். யாரோ எதையோ வைத்து அழுத்துகிறார்கள்... இன்னும் அழுத்தி...

துள்ளி எழுந்தேன். யாரும் இல்லை.

ஹூ... ஹா... ஹூ... ஹா...

நொண்டிக்கொண்டே அறைக்கு ஓடினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். உதடு நீலம். முகத்தில் மாஸ்க் இல்லை. மூச்சும் இல்லை.

உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். "அப்பா! அப்பா!"

பெரிதாக ஓர் இழுப்பு. வந்துவிட்டார்.

சத்தம் நிற்கவில்லை.

மாஸ்க், பக்கத்தில் அம்மாவின் தலையணை மேல் மல்லாந்து கிடந்தது. அதன் பட்டைகள் தொய்ந்து கிடக்கவில்லை. உருண்டையாக நின்றன... ஒரு தலையைச் சுற்றியிருப்பது போல.

தலையணையில் பள்ளம்.

அலாரம் இல்லை. திரையில் காற்றுக் கசிவு பூஜ்யம்.

அணைத்தேன். திரை இருண்டது.

ஹூ... ஹா...

மெஷினிலிருந்து இல்லை.

தலையணையிலிருந்து.

பட்டைகள் சரிந்தன.

அன்று மாலையே சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மெஷினோடு கிளம்பினேன். அப்பாவைத் தூங்க விடாமல் அம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் முடியும்? வழியில் சித்தப்பா என் நகத்தைப் பார்த்தார்.

"பேனாவை வெச்சு அழுத்தின மாதிரி இருக்கே. நினைவு தப்பினவங்களை நர்ஸுங்க இப்படித்தான் எழுப்பிப் பாப்பாங்க. யாரும்மா பண்ணது?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

கடைக்காரர் மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை மேஜையில் வைத்தார். அலாரம் அலறியது. "பாருங்க. நல்லாத்தானே இருக்கு?"

செருப்பைக் கழற்றினேன். காலைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்தேன்.

"யாரோடது?"

நகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஒரு நர்ஸு..." குரல் இறங்கியது. "தனியா ரூம் எடுத்து இருந்தாங்க. லீவு நாள்ல படுத்தவங்க எந்திரிக்கலை. பக்கத்து ரூம்காரங்க கதவுல காதை வெச்சுக் கேட்டிருக்காங்க. மூச்சுச் சத்தம் வந்திருக்கு. தூங்கட்டும்னு போயிட்டாங்க. மறுநாளும் வந்திருக்கு..."

"அப்புறம்?"

"மூணாம் நாள் கதவை உடைச்சாங்க. மெஷின்தான் ஊதிட்டு இருந்துச்சு."

சித்தப்பா என் தோளைப் பிடித்தார். "வேணாம்மா. அந்த வெள்ளையை எடுத்துக்கலாம்."

"அது யாரோடது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் வெள்ளை மெஷினை அலமாரியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

குழாயைச் சுருட்டினேன். கறுப்பு மெஷினைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"இவங்க எழுப்பியாவது விட்டாங்க சித்தப்பா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். இனி சத்தத்தை நம்பி நாங்கள் தூங்கப்போவதில்லை. யாராவது ஒருவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே இருப்போம்.

அம்மாவின் தலையணையை மட்டும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. அந்த நர்ஸும் தலை சாய்க்க இடம் வேண்டுமே.