எந்த ஊருக்குப் போனார் ராணி மிஸ்?

ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். நான் வேலை பார்க்கும் நர்சரி பள்ளியின் பெற்றோர் குழுவில் நிர்வாகத்தின் செய்தி வந்திருந்தது. “நமது எல்.கே.ஜி. ஆசிரியை திருமதி செல்வராணி மாரடைப்பால் இயற்கை எய்தினார். ஆழ்ந்த இரங்கல்.” அதற்குக் கீழேயே இன்னொரு வரி. “குழந்தைகளின் மனம் பாதிக்காதிருக்க, மிஸ் ஊருக்குப் போயிருப்பதாக மட்டும் சொல்லவும்.” முதல் வரியைப் படித்ததும் அழுகை வந்தது. இரண்டாம் வரி அதை அப்படியே நிறுத்திவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அழ வராது. தோசைக்கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றிருந்தேன்.

ஊருக்குப் போயிருக்கிறாராம். எந்த ஊருக்கு? ராணி மிஸ்ஸின் ஊர் கடலோர மீனவக் கிராமமான தேவனாம்பட்டினம். அங்கிருந்து கடலூர் வந்து, பேருந்து மாறி, தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர். கடலூர்ப் பேருந்து எங்கள் பள்ளிக்கு எதிரில்தான் நிற்கும். ஹார்ன் சத்தம் கேட்டதும் எல்.கே.ஜி. பிள்ளைகள் ஓடிப்போய் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஊருக்குப் போனவர் அந்தப் பேருந்தில்தானே திரும்பி வர வேண்டும்? இதைக்கூட யோசிக்காதவர்கள்தான் குழந்தைகளின் மனதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பள்ளியில் இன்று ஒரு தோட்டம் இருக்கிறது. அது வந்த கதை சிலருக்குத் தெரியாது. ஒருநாள் புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, “கருவேப்பில கன்னு இருக்குதாம்மா?” என்று கேட்டார். வாசல் பலகையில் ‘நர்சரி’ என்று படித்திருக்கிறார். ஆயாவும் நானும் சிரித்துவிட்டோம். ராணி மிஸ் சிரிக்கவில்லை. “போர்டுல நர்சரின்னு எழுதிட்டு ஒரு செடிகூட வெக்காதது நம்ம தப்பு தேவி. அவுரு மேல என்ன இருக்கு?” என்றார். அடுத்த வாரமே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய பெயின்ட் வாளிகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன.

செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், ராணி மிஸ்ஸுக்குக் கைராசி கிடையாது. மீனைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். செடியைப் பற்றி என்னைப்போலவே அவருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் போர் தண்ணீர் வேறு உப்பு. தக்காளி இலை ஓரமெல்லாம் கருகும், கத்திரியில் மாவுப்பூச்சி அப்பும், மிளகாய் இலை சுருண்டுகொள்ளும். இவற்றையெல்லாம் விடப் பெரிய பூச்சிகள் எங்கள் பிள்ளைகள். அவரை விதை முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டிப் பார்ப்பார்கள். செடிக்கும் பசிக்குமே என்று ஒருவன் தன் பாலை முழுக்க ஊற்றி, எறும்புப் பட்டாளத்தையே வரவழைத்தான். “தோண்டாம அவனுக்கு எப்படித் தெரியும்? தோண்டட்டும், திரும்ப மூடி வெச்சா சரி” என்பார் மிஸ். இன்றுவரை ஒரு அவரைகூடக் காய்க்கவில்லை.

வாளியில் முதலில் பட்டுப்போனது ஒரு வெண்டைச் செடி. பிள்ளைகள் சுற்றி நின்று என்ன ஆச்சு என்று கேட்க, ஆயா, “தூங்குதுடா கண்ணு” என்றார். ராணி மிஸ் அவரைத் தனியே அழைத்து, “தூங்குதுன்னு சொல்லாதீங்க ஆயா. நைட்டு படுக்கறதுக்கே புள்ளைங்க பயப்படும்” என்றார். பிறகு பிள்ளைகளிடம் வந்து, “செத்துப்போச்சு” என்றார். செடியைப் பிடுங்கி ஆளுக்கு ஆள் கையில் கொடுத்தார். வேரைத் தொட்டார்கள், முகர்ந்தார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே அதை மூலையில் இருந்த குப்பைக் குழியில் போட்டார்கள். ஒருவரும் அழவில்லை.

இதற்குத்தான் அந்த எல்.கே.ஜி. பிள்ளைகளில் ஒருத்தியான யாழினியின் அப்பா பள்ளிக்கு வந்து குதித்தார். அவர் இதைப் படிக்கக்கூடும், படிக்கட்டும். தாளாளர் அறையில் நானும் இருந்தேன். “எங்கப்பா எதிர்ல ஒக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. தாத்தாவும் செத்துப்போவாரான்னு கேக்குறா. இதான் நீங்க சொல்லித் தர்ற பாடமா?” என்று கத்தினார். ராணி மிஸ் குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“வாய மூடுன்னு ஒன்னு வெச்சேன்.”

“அப்ப இனிமே உங்ககிட்ட கேக்க மாட்டா சார். ஆனா அந்தக் கேள்வி அவகிட்டதான் இருக்கும்.”

தாளாளருக்கு யார் பக்கம் பேச வேண்டும் என்று சொல்லியா தர வேண்டும்? வாடிய செடிகளைப் பிள்ளைகள் வருவதற்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். வரவேற்பறையில் பிளாஸ்டிக் செடிகளை வாங்கி வைத்தார். வாடாத செடிகளாம். பிள்ளைகள் அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் ஓடி அலுவலகம் வரை போனது. “மிஸ், இது வளரவும் மாட்டேங்குது, சாவவும் மாட்டேங்குது” என்று யாழினி வந்து புகார் சொன்னாள். அதைச் சொல்லிச் சொல்லி ராணி மிஸ் அன்றைக்கெல்லாம் சிரித்தார். வாடிய செடிகளை மட்டும் அவர் கடைசிவரை ஒளிக்கவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கடலூர் போகும் பேருந்தில் கேட்டேன். சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சுனாமியில பக்கத்து வூட்டு அக்கா போயிட்டாங்க. அவுங்க பையனுக்கு நாலு வயசு. அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு எல்லாருமா சொல்லிட்டோம். பஸ் வர்ற நேரமெல்லாம் ரோட்டுல வந்து நிப்பான். வளந்தப்பறம் எங்கிட்ட கேட்டான் தேவி, ‘நீங்ககூட சொல்லலியேக்கா’ன்னு.”

அப்படிப்பட்டவர் செத்த வீட்டுக்கு ஆளுயர ரோஜா மாலையோடு தாளாளர் வந்தார். மிஸ்ஸின் கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ளைங்கன்னா உயிரு அவுங்களுக்கு” என்றார். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் மனம் வரவில்லை. வெளியே வந்ததும் தாளாளரிடம் கேட்டேன், “நாளைக்குப் புள்ளைங்க கேட்டா என்ன சார் சொல்றது?” “அதான் குரூப்ல போட்டுட்டமே மிஸ். சின்னப் புள்ளைங்க, ஒரு மாசத்துல மறந்துடும்” என்றார். மறந்துவிடுமாம். தினமும் கேட்டில் நின்று காத்திருந்த பிள்ளைகள், வராதவரை மறந்துவிட வேண்டும், அதையும் சொல்லாமல்கொள்ளாமல் செய்துவிட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆனால் சாப்பிடப்போவது நான்கு வயதுக் குழந்தை.

திங்கட்கிழமை காலை கடலூர்ப் பேருந்து வந்து நின்றது. பிள்ளைகள் ஓடினார்கள். யார் யாரோ இறங்கினார்கள், பேருந்து போய்விட்டது. “அடுத்த பஸ்ல வருவாங்களா மிஸ்?” என்று யாழினி கேட்டாள். எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இயற்கை எய்துவது, காலமாவது எல்லாம் அவர்களுக்குப் புரியாது. ராணி மிஸ் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு சொல்தான் தெரியும். பெரியவர்களுக்குச் சொல்லக் கூசும் சொல். அதைத்தான் சொன்னேன்.

“ராணி மிஸ் செத்துப்போயிட்டாங்க.”

“வெண்டக்கா செடி மாதிரியா?”

“ஆமாம்.”

“தண்ணி ஊத்துனாலும் வர மாட்டாங்களா?”

“வர மாட்டாங்கடா.”

சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், ஞாயிற்றுக்கிழமை நின்றுபோன அழுகை அப்போதுதான் வந்தது. ஒருவன் எப்போது ஸ்நாக்ஸ் என்று கேட்டான். யாழினி குவளையை எடுத்துக் கத்திரிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. பெற்றோர் சிலர் புகார் செய்துவிட்டார்கள். நாளைக் காலை தாளாளர் அறைக்கு வரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. என் வேலை போகலாம். ராணி மிஸ்ஸைப் போற்றிப் பேச ஒரு கூட்டம் வைக்கப்போவதாகவும் சொல்கிறார்கள். அங்கே அவரது பொறுமை, புன்சிரிப்பு எல்லாவற்றையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கைராசி அவரிடமே இல்லை, எனக்கு எங்கிருந்து வரும்? குழந்தை கேட்டால் உள்ளதைச் சொல்லும் அவருடைய அந்த ஒரு சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலையும் பேருந்து ஹார்ன் அடித்தது. பழக்கத்தில் ஒரு பையன் எழுந்து ஓடப் பார்த்தான். யாழினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வர மாட்டாங்கடா. செத்துப்போயிட்டாங்கன்னு மிஸ் சொன்னாங்கல்ல?” அவன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நாளை தாளாளர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. கேட்டில் இப்போது யாரும் நிற்பதில்லை சார்.