போர் நின்ற நாள்

பேர்பெற்ற எழுத்தாளரின் அக்கா சலவைக்கடை நடத்துகிறார். அப்பா தொடங்கிய கடை. முன்னறையில் இஸ்திரி மேசை, பின்கட்டில் துவைக்கும் தொட்டிகள், இரண்டுக்கும் நடுவே ஈரம் காயாத வழி. இன்னாரின் அக்கா என்று வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லிக்கொண்டதில்லை.

தம்பியின் இளமை நினைவுகள் மறுபதிப்பு காணவிருந்தன. உலகமே புரண்ட காலத்தில் வளர்ந்தவர் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை. ஆட்சிகள் கவிழ்ந்தது, நிலவில் மனிதன் இறங்கியது, எல்லையில் போர் நின்றது எல்லாம் அதில் உண்டு. போர் நின்ற அன்று அப்பா வாசலுக்கு ஓடிவந்து அழுதாராம். தெருவே குடங்களோடு கூடிவிட்டதாம். அடுத்த வரி: 'அக்கா படிப்பு பிடிக்காமல் பள்ளியை விட்டாள்.'

திருத்தம் கேட்டு அச்சுப்படியோடு கடைக்கு வந்தார் தம்பி. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏண்டா, அப்போ உனக்கு என்ன வயசு?"

"ஆறு."

"அதான். நின்னது சண்டை இல்லடா, நம்ம கொல்லையில போட்டிருந்த போர். தண்ணி வத்தி, மோட்டார் வெறும் காத்தை இழுத்துச்சு. 'போர் நின்னுபோச்சே'ன்னு அப்பா கத்தினாரு. சந்தோஷத்துல எவனாவது காலிக் குடத்தோட வருவானா?"

தம்பி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அந்த அத்தியாயமே அதுமேலதான் நிக்குதுக்கா."

"நிக்கட்டும். சண்டையை நீயே வெச்சுக்கோ. எனக்கு அடுத்த வரிதான் வேணும். படிப்பு எனக்கு எப்படா கசந்துச்சு? தெருமுனைக் குழாயிலேருந்து கடைக்குத் தண்ணி தூக்க ஆளில்ல. இனிமே பள்ளிக்கூடம் வேணாம்னு சொன்னது யாரு?"

தம்பி அச்சுப்படியைப் புரட்டினார். புத்தகம் முழுக்க அப்பா சொக்கத்தங்கம், சமர்ப்பணமும் அவருக்கே.

"'நிறுத்தப்பட்டாள்'னு போடட்டுமா?"

"ஏன், போலீஸ்காரனா கை காட்டி நிறுத்தினான்? ஆளைச் சொல்லி எழுது."

"அப்பாவைத் தப்பாப் பேசுவாங்கக்கா."

"வேற வழி இல்லாம செஞ்சாரு. அதையும் எழுது. பழியை என் தலையில கட்டாதே."

தம்பி அந்த வரியை அடித்தார். மேலே இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்: 'தண்ணீர் சுமக்க ஆளில்லாததால், வேறு வழியின்றி அப்பா அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.'

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தார்.

"'நல்லாப் படிச்சுக்கிட்டிருந்த அக்காவை'ன்னு போடு."

தம்பி பேனா மூடியை மறுபடியும் கழற்றினார்.