றஸீனாவின் சடைக்கண்டு

1996.03.10 – பஸ், காத்தான்குடி போய்வர, இருவருக்கு – ரூ. 30.00
1996.03.12 – கம்பி, கொழுக்கி – ரூ. 22.50
1996.07.21 – மண்சட்டி, சிறியது – ரூ. 12.00
1996.07.21 – மணல், சிரட்டைக்கரி – செலவில்லை
1998.03.15 – பஸ், காத்தான்குடி போய்வர, இருவருக்கு – ரூ. 36.00

இவை என் கணக்குப் புத்தகத்தில் உள்ள வரிகள். புஸ்பம் என் மனைவியின் தங்கை. களுவாஞ்சிக்குடியில் ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. இடையில் ஒரு கிணறு. 1951இல் பிறந்த புஸ்பம் முப்பது வருடம் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். அளவுநாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். ஆனால் அளப்பதெல்லாம் கண்ணால்தான். "கொஞ்சம் திரும்பி நில்லுகா" என்பாள், அவ்வளவே. தைத்த சட்டையைக் கொடுக்கும்போது வெட்டி மிஞ்சிய துணியையும் சின்ன முடிச்சாகக் கட்டிக் கொடுத்துவிடுவாள். விரலகலத் துண்டுகூடத் தன் வீட்டில் தங்க விடமாட்டாள்.

அவள் கணவர் வல்லிபுரம் வாவியில் வீச்சுவலை வீசுபவர். மீன் பட்டாலும் படாவிட்டாலும் பேச்சுக் குறையாது. "இவள்ட வீட்டில மற்றாக்கள்ட துண்டு நிக்காது, என்ட காசுந்தான் நிக்காது" என்று என்னிடம் முறைப்பாடு சொல்வார்.

நூலும் உள்துணியும் வாங்க அவள் காத்தான்குடி ஆதம்பாவாவின் துணிக்கடைக்குப் போவாள். 1990க்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் பக்கத் தமிழர் அந்த முஸ்லிம் ஊருக்குப் போகவில்லை. அங்கிருந்தவர்கள் இங்கே வரவில்லை. இரு பக்கமும் நடக்கக் கூடாதவை நடந்திருந்தன. அதன் பிறகு எங்கள் தெருவிலிருந்து முதலில் அங்கே போனவள் புஸ்பம். "பயமில்லையோ எண்டு எல்லாரும் கேட்கிறியள். நூல் முடிஞ்சா நான் என்னத்தால தைக்கிற?" என்றாள். ஆதம்பாவாவின் மனைவி றஸீனா அவளைக் கண்டதும் கடைக்குள்ளிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை போய்வந்தாள்.

1996இல் றஸீனா வீட்டு வேலைக்காகச் சவூதிக்குப் புறப்பட்டாள். மூன்று பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் சீதனமாக ஒரு வீடு கட்ட வேண்டும். கடை வருமானம் ஒரு சுவருக்கும் போதவில்லை. புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை புஸ்பத்தை வரச்சொல்லி ஆள் விட்டாள். துணைக்கு நானும் போனேன்.

வீட்டு வாசலில் ஒரு செடி தொங்கியது. அதன் சரியான பெயர் எனக்கு இன்றும் தெரியாது. பண்டாரவளைப் பக்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்ததாம். அவர்கள் சடைக்கண்டு, அதாவது சடைக்கன்று, என்றார்கள். கோதுமை மணியைப் போல, அதைவிடத் தடித்த, நீர் நிறைந்த இலைகள். தண்டே தெரியாதபடி நெருக்கமாக அடுக்கி, பின்னிய சடைபோல் முழங்கை நீளத்துக்குக் கீழே இறங்கின. இலைகளின் மேல் திருநீறு பூசியதுபோல ஒரு வெண்மை. விரல் பட்டால் வெண்மை போய்விடும். கொஞ்சம் அழுத்திப் பட்டால் இலையே போய்விடும்.

"ரெண்டு வருசம் வெச்சிருந்து தா புஸ்பம்" என்றாள் றஸீனா. "காலம வெயில் படட்டும், மத்தியானம் நிழல். தண்ணி ஊத்தாத. இலை சுருங்கினா மட்டும் ஊத்து. நான் திரும்பி வாற அண்டைக்கு இந்த வாசல்ல தொங்கோணும்."

"ஏன்கா, உம்மா இரிக்காதானே?"

"உம்மா ஊத்தியே கொன்றுபோடுவா."

றஸீனாவின் தாயார் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து இடுப்பில் கை வைத்தார். "கொண்டு போகட்டும், கொண்டு போகட்டும். தமிழாக்கள்ட கையில போன சாமான் திரும்பி வந்த கதைய நானும் ஒருக்காப் பார்க்கிறன்."

புஸ்பம் செடியை மெதுவாக இறக்கி எடுத்தாள். பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆரையம்பதி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "அத்தான், இது செத்தா நான் அந்த வாசலுக்கு என்ன முகத்தோட போற?"

வீட்டின் கிழக்குத் தாழ்வாரத்தில் கம்பி போட்டுக் கட்டினோம். முதல் மாதம் வல்லிபுரம் தினமும் அதில் தலையை இடித்தார். இடிக்கும்போதெல்லாம் நாலைந்து இலை உதிரும். புஸ்பம் உள்ளேயிருந்து கத்துவாள்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி தர ஆளில்ல. இதுக்கு மட்டும் காலம வெயிலாம், மத்தியானம் நிழலாம்" என்பார் வல்லிபுரம். "நல்ல சதைப்பிடிப்பான இலை. தேங்காப்பூப் போட்டுச் சுண்டினா ஒரு கறிக்குக் காணும்."

"தொட்டுப் பாருங்க, உங்கட வலையச் சுண்டித் தாறன்."

வைகாசி வந்தது. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்தது. கடைசி நாள் குளிர்த்தி. கோபத்தில் கொதித்து வந்த அம்மனை நீர் வார்த்துக் குளிரச் செய்வது. அந்த நீரை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலுக்கும் கிணற்றுக்கும் ஆடு மாட்டுக்கும் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருடம் தெருவெல்லாம் கொப்புளிப்பான், அம்மாள் விளையாட்டு என்று நாங்கள் சொல்லும் அம்மைநோய். எனவே புஸ்பம் ஒரு குடம் நிறையக் கொண்டுவந்தாள். வாசலுக்குத் தெளித்தாள். ஆட்டுக்குத் தெளித்தாள். மீன் படவில்லை என்று முணுமுணுத்த கணவரின் வலைக்கும் தெளித்தாள். மிச்சத் தண்ணீரைக் குடம் காலியாகும்வரை காலைதோறும் அரைச் செம்பாகச் சடைக்கண்டுக்கு ஊற்றினாள்.

எனக்குத் தெரியவந்தபோது குடம் காலி. "தண்ணி ஊத்தாத எண்டுதானே சொன்னவ?" என்றேன்.

"இது தண்ணியில்லையே அத்தான், குளிர்த்தி! ஒப்படைச்ச பொருள். ஊரெல்லாம் அம்மாள் விளையாடக்குள்ள இதுக்கு மட்டும் நான் குடுக்காம விடுறதோ?"

அடுத்த வாரம் இலைகள் ஊதி, கண்ணாடிபோல் உள்ளே தெரிந்தன. தண்டுகள் அடியில் கறுத்துக் கூழாயின. ஒரு காலை அவள் கதவைத் திறந்தபோது சடைகள் எல்லாம் நிலத்தில் கிடந்தன. சட்டியில் நாலு மொட்டைக் குச்சி. அன்று அவள் தையல் இயந்திரத்தைத் திறக்கவில்லை. வல்லிபுரம்கூட ஒரு பகடியும் விடாமல் வலையை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போய்விட்டார்.

அவள் ஒளிக்கவில்லை. அன்றே றஸீனாவுக்கு எழுதினாள். தண்ணீர் கூடிவிட்டது, செடி போய்விட்டது, மன்னித்துக்கொள். குளிர்த்தியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. "முஸ்லிமாக்கள்ட கண்டுக்கு நான் அம்மாள்ட தண்ணி ஊத்தினது பிழையோ தெரியா. அதைக் கேட்டா அவள்ட மனம் நோகும்" என்றாள். நான், "கண்டுக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டுந்தான்" என்றேன். அவள் சமாதானமாகவில்லை.

ஜூலை நடுப்பகுதியில் பதில் வந்தது. "அழாதே. விழுந்த இலையை எறியாதே. காய்ந்த மணலில் பரப்பிவிட்டு மறந்துவிடு. உம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

எறியாதே என்றால்? எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கிணற்றடியில் உடைந்த செங்கல் குவியலில் கொட்டி ஒரு மாதமாகிவிட்டது. கடிதத்தைக் கையில் வைத்தபடியே ஓடினாள். நானும் வல்லிபுரமும் பின்னால் போனோம். அழுகியவை அழுகி மண்ணாகியிருந்தன. ஆனால் செங்கல்லின் நிழற்பக்கத்தில், வல்லிபுரத்தின் தலைபட்டு முன்பே உதிர்ந்து, அவள் கூட்டிக் கொட்டிய நல்ல இலைகள் கிடந்தன. ஒன்றின் நுனியில் நூல்போல இளஞ்சிவப்பு வேர். பக்கத்தில் ஊசிமுனை அளவு பச்சை.

"அத்தான்! இது பிள்ளை பெத்திரிக்கி!"

"என்ட தலைக்கு நன்றி சொல்லுங்க" என்றார் வல்லிபுரம். "இடிச்சு இடிச்சு நான்தான் விதைச்சது."

பிழைத்தவற்றைச் சிறிய மண்சட்டியில் மணலும் சிரட்டைக்கரியும் கலந்து வைத்தோம். அதற்குப் பிறகு அவளுடைய பெரிய வேலை எதுவும் செய்யாமல் இருப்பது. தண்ணீர் ஊற்றத் துடிக்கும் கையை அடக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சட்டியை உள்ளே எடுத்து யன்னலோரம் வைத்தாள். மாரி மழையில் சாரல் படாமல் தையல் மேசையின் கீழே ஒளித்தாள். மறு வைகாசியில் குளிர்த்தித் தண்ணீர் வீட்டுக்கு வந்தபோது சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். "அக்கா, மூண்டு நாளைக்கு இதை என்ட கண்ணில காட்டாதீங்க."

1998 மார்ச்சில் றஸீனா வரும் நாள் நெருங்கியது. சடைகள் ஒரு சாண் இறங்கியிருந்தன. கொடுத்தபோது முழங்கை நீளம். "குறைஞ்சுதான் போச்சு. எண்டாலும் வாசல்ல தொங்கும்" என்றாள் புஸ்பம். அதைக் கொண்டுபோக மறுபடியும் நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையாக நடந்தோம். புஸ்பத்தின் முறை வந்தது. உயரமான ஒரு சிப்பாய் சட்டியைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "என்ன இது? என்ன இது?" என்றார். அவளுக்குச் சிங்களம் தெரியாது. தன் கொண்டையை அவிழ்த்துப் பின்னலைத் தூக்கிக் காட்டி, "சடை, சடை" என்றாள். சிப்பாய் குனிந்து ஒரு விரலால் தொட்டார். ஐந்து இலை உதிர்ந்தது. திடுக்கிட்டு அவற்றைப் பொறுக்கி மறுபடி ஒட்டவைக்கப் பார்த்தார். இன்னும் எட்டு உதிர்ந்தது.

"சேர், கை வைக்காதீங்க சேர்! அது கோபக்காரி!" என்று பின்னாலிருந்து கொண்டக்டர் கத்தினான்.

எங்களைச் சோதிக்க வந்தவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். வரிசை முழுவதும் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்து, போ போ என்று தலையசைத்தார். உதிர்ந்ததைக் கண்டு புஸ்பத்தின் முகம் வாடியது. பயணிகள் குனிந்து பொறுக்கித் தந்தார்கள். "எறிஞ்சிடாதீங்க, மணல்ல போட்டா முளைக்கும்" என்றாள். அதைக் கேட்டவர்கள் தந்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி பணப்பைக்குள் வைத்தாள், ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். கொண்டக்டர் ரிக்கற் புத்தகத்துக்குள் வைக்கப்போக, நசுங்கும் என்று ஏசி அவன் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டாள்.

காத்தான்குடி வாசலில் றஸீனாவின் தாயார் நின்றார். சட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதா அந்தக் கண்டு? போகக்குள்ள பொம்புளப் புள்ளைட சடை மாதிரி போச்சி. வரக்குள்ள எலிவால் மாதிரி வந்திரிக்கி."

றஸீனா சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாள். ஆனால் புஸ்பத்தால் முடியவில்லை. "இது அந்தக் கண்டில்ல உம்மா. அதின்ட பிள்ளை. அதை நான் சாகடிச்சுப்போட்டன். கோயில்ல குளிர்த்தித் தண்ணி கொண்டுவந்து ஊத்தினன். நல்லா இரிக்கட்டும் எண்டுதான் ஊத்தினன். அது அழுகிப்போச்சு."

தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முக்காட்டை இழுத்து வாயை மூடினார். கோபம் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. சிரிப்பு.

"அல்லாவே! அவள் உனக்கிட்டச் சொல்லல்லயா, நான் இந்தக் கண்டுக்கு என்னத்த ஊத்தினன் எண்டு? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாசீன் ஓதி ஊதின தண்ணிய நான் இதுக்கு ஊத்துவன். அரைவாசிச் சடை அப்பவே கொட்டிப்போச்சி. மிச்சத்தக் காப்பாத்தத்தான் உன்ட கையில தந்தவள்!"

புஸ்பம் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு வந்தார்கள். தாயார் அவர்களைக் கூப்பிட்டு, "பாருங்க புள்ளையள், கொண்டு போனவ திருப்பிக் கொண்டந்திட்டா" என்று அறிவித்தார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டார். செடியை அவரே முக்காலி மீது ஏறி மாட்டினார். "றஸீனா வாற மட்டும் இதுக்குத் தண்ணியுமில்ல, ஓதுறதுமில்ல. பக்கத்தில நிண்டு மூச்சும் விடமாட்டன்."

மூன்று வாரத்துக்குப் பின் றஸீனாவிடமிருந்து கடிதம் வந்தது, இம்முறை சவூதி முத்திரை இல்லாமல். புஸ்பம் அதை எனக்கும் வல்லிபுரத்துக்கும் சத்தமாக வாசித்தாள். "வாசலில் கால் வைக்க என் தலையில் சடை முட்டியது. நாலு இலை விழுந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த மகளை உம்மா கட்டிப்பிடிக்கவில்லை. பார்த்து வாகா, புஸ்பத்தின் கண்டு, என்று என்னைத்தான் ஏசினா. பெருநாளுக்கு வல்லிபுரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. தலை குனிந்து நுழையச் சொல்."

அதன் பிறகு அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. பஸ்ஸேறிப் போய் நேரே பேசிக்கொண்டார்கள். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1998 ஏப்ரல் 6, திங்கட்கிழமை.