நான் வாங்கப்போன முதல் வீடு

குவைத்தில் ஒன்பது வருடம் மற்றவர்களுடைய வீடுகளைத் துடைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். வந்த முதல் கிழமையே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: காசை என்ன செய்யப் போகிறாய்? நகை வாங்கு என்றாள் தங்கச்சி. ஆட்டோ வாங்கித் தா, நான் ஓட்டுகிறேன் என்றார் அவளுடைய மாப்பிள்ளை. என் கணவர் புத்தளம் உப்பளத்தில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் ஒன்றும் கேட்காமல் இருந்தது எனக்குப் பெரிய உபகாரம்.

எனக்கு ஒரே மகள், அப்போது பதினான்கு வயது. எங்கள் ஆட்களிடையே பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்வார்களே, எங்களுக்கு இரண்டும் ஒரே வேலை. என் கையில் இருந்ததோ அரை வீடு கட்டும் காசு. அந்தக் காசுக்குப் பாதியில் நிற்கிற வீடு ஒன்றை வாங்கி, திருத்தி விற்றால் முழு வீட்டுக் காசு கிடைக்கும் என்று நானே கணக்குப் போட்டேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

காலமும் தோதாக இருந்தது. சண்டை முடிந்திருந்தது. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து இருபது வருடம் எங்கள் பக்கத்தில் இருந்தவர்களில் பலர் மன்னாருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து அவர்கள் கட்டிய வீடுகள் கூரையில்லாமல் நின்றன. இன்னொரு பக்கம், நுரைச்சோலை மின்நிலையத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்க இடம் கிடைக்காமல் அலைந்தார்கள். நான் கற்பிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு வீடு தேடினேன். வேலிக்கம்பை விறகுக்கு யாரோ பிடுங்கியிருந்தால், விழுந்த தென்னோலை விழுந்த இடத்திலேயே கிடந்தால், உள்ளே ஆடு படுத்திருந்தால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவேன்.

இறங்கியதும் நான் செய்யும் முதல் வேலை சுவரை நக்கிப் பார்ப்பது. சிரிக்காதீர்கள். எங்கள் கரையோரத்தில் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் கடல்மணலைக் கழுவாமல் சீமெந்தில் குழைத்துவிடுவார்கள். பார்வைக்குச் சுவர் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாறு வருடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத உப்பு நாக்குக்குத் தெரியும். அப்படி ஆறு வீட்டுச் சுவரை நக்கி, ஆறையும் வேண்டாமென்று விட்டேன். இதை அறிந்த என் கணவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"நான் கொண்டு வாற உப்பு போதாதெண்டா நீ ஊர்ச் சுவரெல்லாம் நக்கித் திரியிறா?"

ஏழாவது வீடு நுரைச்சோலைக்குக் கிட்ட, பெரிய ரோட்டிலிருந்து உள்ளுக்குள் தள்ளி இருந்தது. நீளமான வளவு. முன்னால் ரோடு வரைக்கும் வெறும் மணல், பின்னால் வீடு. கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலையும் தாண்டிச் சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நின்றது. நக்கினேன், உப்பே இல்லை. மூன்று இடத்தில் நக்கினேன். கழுவிய ஆற்று மணல்! வாசல் நிலை விலைகூடிய முதிரை மரம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம் போல் இருந்தது. ஒரே ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டு, உள்ளே பூசி, ரோஸ் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்ற அறைகளில் வெறும் கல். அந்த ரோஸ் அறையின் நீள அகலத்தை நான் கையால் சாண் போட்டு அளந்தேன். ஒரு கட்டிலும் அலுமாரியும் தாராளமாக வைக்கலாம், வாங்க வருகிறவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். எனக்குக் கண் இருந்தது, நாக்கு இருந்தது, புத்தி மட்டும் எங்கோ போயிருந்தது.

வளவின் சொந்தக்காரர் மௌத்தாகி அடக்கமாகியிருந்தார். மூத்த மகன் மன்னாரில் கடல்தொழில் செய்துகொண்டிருந்தான். போனில் பேசினேன். மரியாதையாகக் கதைத்தான். காணி உறுதிப் பத்திரம் சரியாக இருந்தது. காணிப் பதிவிலும் வில்லங்கம் இல்லை. ஆண்மக்கள் இருவரும் தங்கை ஒருத்தியும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று உறுதி எழுதும் நொத்தாரிசு சொன்னார்.

"தங்கச்சி வெப்பா ராத்தா, அதொண்டும் பிரச்சின இல்ல," என்றான் அவன்.

நான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

மேசன்பாஸைக் கூட்டிக்கொண்டு கூரை அளக்கப் போன நாளில்தான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பக்கத்துத் தோட்டத்தில் பீற்றூட் பிடுங்கிக்கொண்டிருந்த பெண் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா அந்தப் புள்ளட வீட்ட வாங்கினது?"

"எந்தப் புள்ளட?"

"அவட கலியாணத்துக்கு வாப்பா கட்டின வீடுதானே. மணல் ஏத்தின லொறிய நிப்பாட்டி, கையால அள்ளி நக்கிப் பாத்திட்டுத்தான் எறக்குவார் மனுசன்."

ஏழை மனிதன் ஒருவன் ஆற்று மணலுக்கும் முதிரை நிலைக்கும் காசு செலவழித்திருக்கிறான். வீட்டில் ஒரு அறையை மட்டும் பூசி ரோஸ் நிறம் அடித்திருக்கிறான். அது மாப்பிள்ளை அறை. எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளையும் ஒரு வீட்டைப் பார்த்தால் முதலில் இது எந்த மகளுக்கு என்றுதான் கேட்கும். நான் எல்லாம் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை. குவைத்தில் இருந்து வந்து வியாபாரி ஆகிவிட்டேன் அல்லவா!

மறுநாள் புத்தளம் டவுனில் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். சாச்சி வீட்டில், சீலை கட்டி மறைத்த ஒரு மூலையில் இரண்டு வயதுக் குழந்தையோடு இருந்தாள். எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். நான் யார் என்று சொன்னதும் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் கையெழுத்து வெக்கிறன் ராத்தா. நாநாமார் சொன்னாச் சரி."

"ஒண்ட மாப்பிள்ள எங்க?"

"மாம்புரியில, அவங்கட உம்மாவோட. தோட்டம் செய்றார். வெள்ளிக்கெழம வருவார். சனி காலம்பற முதல் பஸ்ஸில போயிருவார்." குழந்தையின் தலையைத் தடவினாள். "இஞ்ச எங்க அவர் தங்குறது? வீடு தாறம் எண்டு சொல்லித்தான் வாப்பா நிக்காஹ் முடிச்சார். கூர போட முந்தி மௌத்தாகிட்டார். வீடு முடியட்டும், மகன அனுப்புறன் எண்டு மாமி சொல்றா. அவவிலயும் பிழ இல்ல."

"அப்ப வீட்ட வித்தா?"

அவள் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் மகளுக்கு வீடு வேண்டும் என்று இன்னொரு வாப்பா தன் மகளுக்குக் கட்டிய வீட்டைப் பிடுங்கப் போகிறேன். விட்டுவிடலாம் என்றால் அட்வான்ஸ் என் காசில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"திருப்பிக் கேட்டாத் தருவாங்களா?" என்றார்.

"எங்க தாற? மீன்புடி போட்டுக்கு இஞ்சின் வாங்கிட்டாங்க."

"சட்டப்படி ஒண்ட பக்கம் பிழ இல்லத்தானே."

"சட்டம் இருக்கட்டும். அது அவட ஹக்கு, அவட உரிம. அந்த வீட்ட வித்து வாற காசில எண்ட புள்ளைக்கு வீடு கட்டினா அதுல பறக்கத்து இருக்குமா, வெளங்குமா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். இரண்டு நாள் அதே காசுக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். தங்கச்சி வந்து, அப்போதே நகை வாங்கச் சொன்னேனே என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் முற்றம் கூட்டும்போதுதான் அந்த முன்பக்க மணல் ஞாபகம் வந்தது. நான் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், வளவைப் பார்க்கவில்லை. மின்நிலையத்து ஆட்களுக்கு எதற்கு முதிரை நிலை? அவர்களுக்கு வேண்டியது ரோட்டுப் பக்கம் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மன்னாருக்குப் போன் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டேன். தங்கச்சிட வீட்ட விக்க ஒங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

"நாங்க மறக்கல்ல ராத்தா," என்றான் கடைசியில். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "கூர போடக் கையில ஒண்டும் இல்ல. அப்படியே விட்டா அதுவும் இடிஞ்சிரும். வித்து அவட பங்க காசாக் குடுப்பம் எண்டுதான் நெனச்சம்."

இன்னொரு பாட்டம் வசைக்கு ஆயத்தமாக இருந்த நான், அவனோடு சேர்ந்து மூக்கைச் சிந்தினேன்.

பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. மூவரும் முன்பாதியை எனக்கு எழுதித் தருவது. பின்பாதியையும் வீட்டையும் நாநாமார் இருவரும் தங்கைக்கு எழுதிக் கொடுப்பது. நடுவில் ஒரு லாண்ட்மாஸ்டர் கை ட்ராக்டர் போகிற அகலத்துக்குப் பாதை விடுவது. முன்பாதியின் விலையில் அட்வான்ஸ் போக மிச்சத்தை நான் அவர்கள் கையில் கொடுக்காமல் அந்த வீட்டுக்குக் கூரையாகவும் கதவாகவும் போட்டுவிடுவது. நொத்தாரிசு இரண்டு உறுதியையும் எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்.

"கட்டிப் பாத்திட்டுச் சொல்றன்," என்றேன்.

கட்டினேன். ரோட்டோரமாக இரண்டு அறை, குசினி, ஒரு கக்கூஸ். மணல் லொறி வந்த அன்று நானும் ஒரு பிடி அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கவிட்டேன். மேசன்பாஸ் தலையில் அடித்துக்கொண்டார். சுவர் காயுமுன்பே மின்நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தார், பின்னர் அவரே வாங்கியும் கொண்டார். போட்ட காசு தம்பி தங்கையோடு திரும்பி வந்தது. நான் நினைத்த அளவு லாபம் இல்லைதான். ஆனால் இன்னொரு இடம் வாங்கப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு பார்த்த எந்த வளவிலும் சுவரை நக்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் போய் இது எந்தப் பிள்ளைக்குக் கட்டியது என்று கேட்டுவிடுவேன்.

அதெல்லாம் பிந்திய கதை. முன்னால் என் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்த வீட்டுக்குக் கூரை முடிந்தது. ஒரு வியாழக்கிழமை யாசீன் ஓதி, அவள் குழந்தையோடு குடிவந்தாள். ரோஸ் நிறம் வெளிறிப்போயிருந்தது. புதிதாக அடித்துத் தரவா என்று கேட்டேன்.

"வேணாம் ராத்தா. வாப்பா அடிச்சது."

மறுநாள் வெள்ளி. வழக்கம்போல ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவளுடைய மாப்பிள்ளை ஒரு சின்னப் பையோடு வந்ததாக மேசன்பாஸ் எனக்குப் போனில் சொன்னார். அந்தப் பையில் என்ன இருக்கும், ஒரு நாள் உடுப்பா, எல்லா உடுப்புமா என்று கணவரை நச்சரித்தேன். எனக்கென்ன தெரியும் என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. அவள்தான்.

"ராத்தா, மாம்புரிக்கு முதல் பஸ் போயிட்டு."

"ம்."

"ரெண்டாவது பஸ்ஸும் போயிட்டு." மூச்சை இழுத்துக்கொண்டாள். பின்னால் எங்கோ கட்டையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. "அவர் வேலி கட்டிட்டு இருக்கார் ராத்தா."